புகைக்க மறுத்த புகைவண்டி

சூடேறிய கம்பியின்மேல் மெல்லிய எண்ணெய் ஆவியாகும்போது எழும் மணம், மெழுகுதிரியை ஊதி அணைத்த கணத்தில் பரவும் மணத்தை ஒத்தது; ஆயினும் அதனினும் சற்று இனியது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின், அந்தச் சிறு தெருவின், கடற்கரை முனையில் மெய்யான புகைவண்டி நாள்தோறும் கூவிச் சென்றபோதிலும், அந்நாளில் எங்களுக்குப் பெரிதாய்த் தோன்றியது முன்கூடத்து மேசைமேல் வட்டமிட்ட சிறு வண்டியே. அதன் மணத்தை இன்று நினைக்கும்போதும் மகிழ்ச்சிக்கு முன்னர் எனக்குத் தோன்றுவது ஒரு வினா: யார் தொட்டது?

பெரியப்பா இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் அண்ணனுக்கென்று கொண்டுவந்த வண்டி அது. கரிய இயந்திரமும் செந்நிறப் பெட்டிகளும், வட்டமாய்ப் பூட்டக்கூடிய தண்டவாளமும், சுவர் மின்சாரத்தைத் தணித்துத் தரும் ஒரு கருவியும் உடன் வந்தன. இயந்திரத்தின் புகைபோக்கிக்குள் விரல்நுனி அளவேயான சிறு குடுவை ஒன்று இருந்தது. அதனுள் நுண்ணிய கம்பிச்சுருள், அதைத் தழுவியபடி ஒரு திரி. தண்டவாளத்தின் வழியே மின்சாரம் ஏறக் கம்பி சூடாகும். திரி உறிஞ்சிய எண்ணெய் வெண்புகையாய் எழும். அந்த உறுப்புக்கு அம்மா இட்ட பெயர் "அடுப்பு". அதற்குரிய எண்ணெய் ஒரு சிறு போத்தலில் வந்திருந்தது. அது தீர்ந்தால் கொழும்பில் எந்தக் கடையிலும் வாங்க இயலாது என்று பெரியப்பா எச்சரித்துச் சென்றார்.

அவ்வெச்சரிக்கை அப்பாவுக்குப் போதுமானதாயிற்று. அவர் அரச அலுவலகமொன்றில் கணக்காய்வாளர். பிற அலுவலகங்களின் களஞ்சியங்களுக்குச் சென்று, இருக்கவேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பதே அவர் தொழில். வீட்டுக்கு வந்த பின்னரும் அந்தப் பார்வையை அவர் கழற்றிவைப்பதில்லை. வண்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். எண்ணெய்ப் போத்தலில் மட்டத்தைக் காட்டப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். சாவியைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பின்னே ஒளித்தார். அவ்வொளிவிடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பது அவர் ஒருவருக்கே தெரியாது.

ஞாயிறு மாலைகளில் மட்டும் வண்டி வெளியே வரும். பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் மாமா தமக்கென ஒரு நாற்காலியோடு வந்துவிடுவார். எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு உணவோடு "போடிங்" இருந்த இராமையா அண்ணன் கதவோரத்தில் நின்று பார்ப்பார். அவர் மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். நீதிமன்றங்கள் சூழ்ந்த புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்தாளராய் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வருமுன் அவ்வொழுங்கையில் அவர் தட்டிய கதவுகள் பல. "எந்த ஊர்?" என்ற வினாவுக்கு அவர் விடை சொன்னதும், சற்றுமுன் காலியாயிருந்த அறைகளெல்லாம் திடீரென்று யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டனவாம். இதனை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், அம்மா சிரிக்கவில்லை.

சில ஞாயிறுகளுக்குப் பின்னர் புகை மெலிந்தது. பின்னர் முற்றாக நின்றது. சில்லுகள் சுழன்றன, முன்விளக்கு எரிந்தது, புகைபோக்கி மட்டும் வாளாவிருந்தது. அப்பா தம் முறைப்படி ஆராயத் தொடங்கினார். விளக்கு எரிவதால் மின்சாரம் வருகிறது என்று முடிவு செய்தார். தண்டவாளத்தைத் துடைத்தார். புகைபோக்கியை விரலால் தொட்டு இளஞ்சூடு இருக்கிறதென்றார். எனவே கம்பி அறவில்லை. எஞ்சியது எண்ணெய். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் பென்சில் கோட்டுக்குக் கீழே நின்றது.

அந்த நொடியில் வீட்டின் காற்றே மாறிவிட்டது. யாரோ கள்ளமாக வண்டியை ஓட்டி அடுப்பின் எண்ணெயைத் தீர்க்கிறார்கள், மறைப்பதற்காகப் போத்தலிலிருந்தும் எடுக்கிறார்கள் என்று அப்பா தீர்மானித்தார். வாரநாட்களில் வீட்டில் இருப்பவர் யார்? அவ்வமயம் நீதிமன்ற விடுமுறையாதலால் இராமையா அண்ணன் பகலில் அறையிலேயே இருந்தார். போதாக்குறைக்கு அவர் வெண்சுருட்டுப் புகைப்பவர்.

"புகை பிடிக்கிற ஆளை வீட்டில வைச்சுக்கொண்டு, புகை எங்கை போச்செண்டு தேடுறியளே!" என்றார் பொன்னம்பலம் மாமா. தம் நகைச்சுவையில் தாமே குலுங்கிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, அதை ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தோம். இராமையா அண்ணனின் செருப்பு அறைவாசலில் எத்திசை நோக்கிக் கிடக்கிறது என்பதைக்கூட அப்பா கவனித்தார். என் அண்ணன் உணவருந்தும்போது தலை நிமிரவில்லை. அம்மா அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் நடையை விரைவாக்கினார். பெண்பிள்ளை என்பதனால் வண்டியைத் தொடும் உரிமை எனக்கு முன்னரே இல்லாதிருந்தது. ஆகவே என்னை ஒருவரும் ஐயுறவில்லை. ஐயுறப்படாதவள் எல்லோரையும் நோக்கலாம் என்பதை அவ்வாரத்தில் கற்றேன். நானும் இராமையா அண்ணனையே நோக்கினேன்.

அடுத்த ஞாயிறு காலையில் அப்பா அவரை மேசைக்கு அழைத்தார்.

"தம்பி, நேர கேக்கிறன். நீர் இதைத் தொட்டனீரோ?"

"நான் ஏன் சார் தொடப்போறேன்? எங்கூர்ல நெசமான ரயிலே வீட்டு வாசல்ல பொகைய விட்டுட்டுத்தான் போவும். இதுக்கா ஆசப்படுவேன்?"

"பகிடி விடாதையும். பகலிலை வீட்டில நிக்கிறது நீர்தானே. எண்ணெய் குறைஞ்சிருக்கு."

"கொறஞ்சா நானா?"

"மாதம் முடிய வேறை அறை பாரும்."

இராமையா அண்ணனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் அகன்றது. மீண்டும் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஊரைச் சொல்லவேண்டும் என்பது அவர் கண்முன் வந்திருக்கவேண்டும். ஆயினும் அவர் குரல் உயரவில்லை.

"கோர்ட்டுல கூட பொருள மேசைல வச்சு, எல்லாரும் பாத்ததுக்கு அப்புறந்தான் சார் தீர்ப்பு சொல்லுவாங்க. அந்த அடுப்ப நீங்க தொறந்து பாத்தீங்களா?"

அப்பா திறந்து பார்த்ததில்லை. பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தினால், வெளியிலிருந்தே எல்லாவற்றையும் சோதித்திருந்தார். சினத்தோடு சிறு திருகாணிகளைக் கழற்றி, மேலோட்டை நீக்கி, "பாரும், காய்ஞ்சு கிடக்கு" என்று கூறியபடி இயந்திரத்தை நாளிதழின்மேல் கவிழ்த்தார்.

எண்ணெய் கொட்டியது. சொட்டுச் சொட்டாய் அன்று. குடுவையிலிருந்தும் அதனடியில் தேங்கியிருந்த இடுக்குகளிலிருந்தும் வழிந்து, தாளில் அகன்ற கறையாய்ப் பரவியது. அடுப்பு காய்ந்திருக்கவில்லை, மூழ்கியிருந்தது. நிரம்பிய எண்ணெயில் அமிழ்ந்த கம்பியால் அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேற முடியவில்லை. களஞ்சியங்களில் குறைவைத் தேடியே பழகிய அப்பாவுக்கு மிகுதியால் நேர்ந்த பழுது கண்ணுக்குத் தென்படாமற் போயிற்று.

அம்மா குனிந்து முகர்ந்தார்.

"இஞ்சேருங்கோ, இதிலை தையல் மெசின் எண்ணெய் மணக்குதே!"

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் எண்ணெய் தீர்ந்துவிடுமென்று அதைத் தொடாமல், ஞாயிறுதோறும் தாமே தையல் இயந்திரத்து எண்ணெயிற் சிறிது விட்டுவந்ததை மிகத் தாழ்ந்த குரலிற் சொன்னார்.

"நல்லெண்ணெயும் மணக்குது" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். "திரி எண்டால் எண்ணெய் வேணுமெல்லோ? சாமி விளக்குக்கு விடேக்கை இதுக்கும் கொஞ்சம் விட்டனான். கருகிப் போகுமெண்டு பயம்."

"நானும் விட்டனான்" என்றான் அண்ணன், அழுகை முட்ட. "போத்தலிலையிருந்துதான். புகை வந்தால் அப்பா பேச மாட்டார் எண்டு."

இராமையா அண்ணன் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். அவர் சிரித்திருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்று பிற்பகல் முழுவதும் அடுப்பைத் தலைகீழாய் வைத்து வடித்தோம். பஞ்சைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றினோம். மெல்லிய கம்பியால் அண்ணன் குழாயின் அடைப்பை நீக்கினான். வண்டியை மீண்டும் தண்டவாளத்தில் வைத்தபோது முதலில் எண்ணெய் தெறித்தது. பிறகு கோயில் தீபத்தின் மணத்தோடு கருநிறப் புகை. நெடுநேரம் கழிந்தே வெண்புகை எழுந்தது. கதவோரத்தில் நிற்க வேண்டியவர் நிற்கவில்லை.

அப்பா முன்னறை வாசலில் நின்று, "தம்பி, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்" என்றார். "நீர்" என்பது "நீங்கள்" ஆகியிருந்தது.

"இல்லீங்க சார். மாசம் முடியன்னு சொன்னீங்க. அப்பிடியே இருக்கட்டும்."

சொன்னபடியே மாத முடிவில் அவர் தம் தகரப்பெட்டியோடு மட்டக்குளிப் பக்கம் சென்றார். அங்கே தம்மூரார் சிலர் சேர்ந்திருந்த அறையொன்றில் படுக்க இடம் கிடைத்ததாம். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப்பொதியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்ததும் பொன்னம்பலம் மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எண்டாலும் ஆர் கண்டது? அவனும் ரெண்டு சொட்டு விட்டிருப்பான்." மறுநாள் சாவி நாட்காட்டியின் பின்னே இல்லை; அப்பா அதை வேறிடத்தில் ஒளித்திருந்தார்.

இன்று அவ்வீடு இல்லை. அது நின்ற நிலத்தில் எழுந்த அடுக்குமாடியில் ஓரிடத்தில் நான் வாழ்கிறேன். கடற்கரைப் பாதையில் நிலக்கரிப் புகை எழுந்து பல்லாண்டாயிற்று. முன்னறையை ஒருவருக்குக் கொடுத்து, அவரையும் உணவுக்கு அழைக்கும் வழக்கமும் ஒழுங்கையை விட்டு அகன்றது. வாயிலில் வருவோர் போவோரைப் பார்க்க ஒரு கமெராவும் ஒரு காவலரும் உண்டு. அண்ணன் கனடாவுக்குப் புறப்பட்டபோது வண்டியை என்னிடம் விட்டுச் சென்றான்.

சென்ற மாதம் அவன் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசியபோது, "அடுப்பு வேலை செய்யுதோ?" என்று கேட்டான். அவனுக்குக் காட்டுவதற்காக எண்ணெய் விட்டு ஓட்டினேன். சில்லுகள் சுழன்றன, விளக்கு எரிந்தது, புகை வரவில்லை. மாளிகாவத்தையிலிருந்து வீட்டைத் துடைக்க வரும் பெண் அப்போது சமையலறையில் இருந்தார். செய்யவேண்டியது என்னவென்று என்னைவிட நன்கறிந்தவர் இவ்வூரில் இருக்க இயலாது. ஆயினும் நான் முதலில் எழுந்து சென்று பார்த்தது அலமாரியின் பூட்டை. அதில் ஒரு கீறலும் இல்லை. அதன் சாவி என் கைப்பையிலேயே கிடந்தது.

அதன் பின்னரே நாளிதழை விரித்து, இயந்திரத்தைக் கவிழ்த்தேன். எண்ணெய் சொட்டியது.