இரண்டு நிமிடத்தில் முடிந்த பாட்டு

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் மெட்டில்டா டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவளும் அவள்தான். 1974-இல் ஊரில் தெருவுக்கொரு மெல்லிசைக் குழு கிளம்பியபோது அவளுக்கும் ஆசை வந்தது. தம்பி ரோச் கிட்டார் வாசிப்பான். பாடுவதற்குத் தோழி கிருபை இருந்தாள். தபேலாவுக்குத்தான் ஆள் இல்லை.

இல்லாமல் என்ன, கடைத்தெரு மளிகைக்கடைக்காரர் மகன் செந்தூர்பாண்டி அருமையாக வாசிப்பான். ஆனால் முந்தின வருடக் கால்பந்துப் போட்டியில் மெட்டில்டாவின் கடற்கரைத் தெருவும் கடைத்தெருவும் அடித்துக்கொண்டபோது, அவன் முன்பல்லில் பாதியை உடைத்தவன் ரோச். மறுநாள் ரோச்சின் சைக்கிள் உப்பளத்து வாய்க்காலில் கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு தெரு இளவட்டங்களும் முடிவெட்டப் போவதற்குக்கூட அடுத்த தெருவில் கால் வைக்காமல் ஊரைச் சுற்றித்தான் போனார்கள்.

மெட்டில்டா நேரே கடைக்குப் போய், சீனி வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, எங்க குழுவுல தபேலா வாசிக்க வாரியா?"

"ரோச்சு இருக்கானாக்கா?"

"இருக்கான்."

"அப்ப நான் வரல."

"நடுவுல நான் ஆர்மோனியத்தோட உக்காந்துக்கிடுதேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

அவன் கடைசியாக மேடையேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்துவிட்டான்.

ஒத்திகையில் பேச்சுதான் இல்லை, வாசிப்பில் சண்டை நடந்தது. ரோச் கொஞ்சம் வேகம் கூட்டுவான். செந்தூர்பாண்டி அதற்கு மேல் கூட்டுவான். நாலு நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடியும்.

"ஏளா மெட்டில்டா, என்னைப் பாடக் கூப்பிட்டியா, ஓடக் கூப்பிட்டியா?" என்று கிருபை மூச்சு வாங்குவாள்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல் கச்சேரி. முதல் பாட்டு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. கடைசிச் சரணத்தில் பாதியைக் கிருபை விழுங்கியிருந்தாள். மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பந்தலில் கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் மாமா, "புதுசா இருக்கு. அதே மாரி இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

கோபத்தில் வந்த வேகம் அது. கேட்டால் வருமா? ரோச் ஆர்மோனியத்துக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"ஏலே, எங்கன வச்சு வேகம் கூடிச்சு?"

"ரெண்டாவது அடியில. நீதாம்ல முந்துன."

"சரி, இப்ப நீ முந்து. நான் பின்னால வாரேன்."

ஒருவன் கையை ஒருவன் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். இந்த முறை கிருபைக்கு எல்லா வரியும் கிடைத்தது.

ஊர் திரும்பும் வேனில் ரோச் மெல்ல ஆரம்பித்தான். "அந்தப் பல்லு... நான் வேணும்னு செய்யல."

"தெரியும்ல. உன் சைக்கிள நான் வேணும்னுதான் தள்ளுனேன்."

மெட்டில்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு கடைத்தெருவிலிருந்து மந்திரமூர்த்தி மைக்செட்டோடு வந்து சேர்ந்தான். கடற்கரைத் தெருவிலிருந்து வளன் புல்லாங்குழலோடு வந்தான். மளிகைக்கடை மாடியில் ஒத்திகை நடந்தது; கேட்க இரண்டு தெருப் பையன்களும் வந்து கூடினார்கள். விளாத்திகுளம் கச்சேரி நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது என்று ஒருநாள் பெரிய ரகளை. மெட்டில்டா பதறிப் படியேறிப் போனாள். கடற்கரைப் பையன்களில் பாதிப் பேர் செந்தூர்பாண்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்; மந்திரமூர்த்தி ரோச்சின் கட்சி. அவள் கீழே இறங்கி, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தாள்.