அக்காவின் மூன்று சுத்தியல்களும் என் ஆணித் துப்பாக்கியும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அக்காவின் மகள் செல்வி கேட்டாள். பிறப்பு, வளர்ப்பு, குணம், கடைசி நாட்கள் என்று வரிசையாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் ஓரிடத்தில் பொய் சொல்ல வேண்டியிருந்தது. இது நாலாவது முறை. படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

அக்கா ஆமத்தூரில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். செல்வி பேசப் பழகும் முன்பே ஒரு வெடிவிபத்தில் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அக்காவைத் தாங்கிப் பிடித்தவர் பக்கத்து வீட்டு மாரியம்மாள் மதினி. அத்தானுக்குத் தங்கை முறை. தன் வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் மூன்று நாள் அக்காவோடு தரையில் கிடந்தவர். பிறகு இருவரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார்கள். ஒருவர் தூக்குவாளியை மற்றவர் திறந்து சாப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

பட்டாசு ஆலைக்குள் இரும்பு ஆகாது. உரசினால் பொறி வரும் என்பதால் மரச் சுத்தியலும் பித்தளைக் கம்பியும்தான் புழங்கும். பகலெல்லாம் இரும்பைத் தொடாமல் இருந்ததாலோ என்னவோ, அக்காவுக்கு வீட்டில் இரும்புச் சுத்தியல் மேல் ஒரு மோகம். மற்றப் பெண்கள் சாத்தூருக்குப் போனால் ஜவுளிக்கடையில் நிற்பார்கள். அக்கா இரும்புக்கடையில் நிற்பார். நான் ஒருமுறை கூடப் போயிருந்தேன். ஏழெட்டுச் சுத்தியல்களை எடுத்து, கைப்பிடியின் நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.

“யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஏன், எங்கையில புடிச்சா ஆணி எறங்க மாட்டேன்னு சொல்லுமோ?” என்றார் அக்கா.

அப்படிச் சேர்த்தவை மூன்று. மெல்லிய பலகைக்கும் சின்ன ஆணிக்கும் ஒன்று. ஆணி பிடுங்கும் கொம்பு வைத்தது ஒன்று. உளி வைத்துச் சுவரைக் குடைய, தலை கனத்தது ஒன்று. கனம் கூடினால் கை அசந்து விரலில் விழும், குறைந்தால் ஆணி வளையும், அவரவர் கைக்கு எது அடங்குகிறதோ அதுதான் நல்ல சுத்தியல் என்பார். கழித்துப் போட்ட மரப்பெட்டிகளை உடைத்து முக்காலி, கோழிக்கூடு, செல்விக்குப் படிக்கும் மேசை எல்லாம் அவரே செய்தார். மேசையின் ஒரு கால் சற்றுக் குட்டைதான். அதில் படித்துத்தான் செல்வி நர்ஸ் ஆனாள்.

நான் மதுரையில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தச்சு வேலையை வீடியோவில் பார்த்தே ஆசாரியானவன். செல்வி மாசமாகிப் புகுந்த வீட்டில் இருந்தபோது, பிள்ளைச் சாமான் வைக்கச் சுவரில் ஒரு பலகைத் தட்டு அடிக்க வேண்டும் என்றார் அக்கா. உடனே ஆணித் துப்பாக்கி வாங்கக் கிளம்பிவிட்டேன். அதில் மூன்று விதம் பார்த்தேன். ஒன்றுக்குக் காற்றடிக்கும் இயந்திரமும் குழாயும் வேண்டும். இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. தூக்கினாலே தோள் இறங்கிவிடும். மூன்றாவது ஒரு குழல், அவ்வளவுதான். அதன் ஆணியின் வாலில் ஒரு சிட்டிகை வெடிமருந்து இருக்கும். சுவரில் வைத்து அழுத்தினால் வெடித்து ஆணி இறங்கிவிடும். கரண்டு வேண்டாம், காற்று வேண்டாம் என்று அதையே வாங்கினேன். வெடிமருந்தை ஒரு பட்டாசு ஊருக்குப் பையில் எடுத்துப் போகிறோமே என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அக்கா ஓர் ஆணியை எடுத்து வாலைத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இதுல மருந்து இருக்குலே.”

“ஒரு சிட்டிகைதான்க்கா.”

“சிட்டிகையோ மூட்டையோ, சத்தம் வருமா வராதா?”

“வரும்.”

“அப்ப வேலை முடிஞ்சு எல்லாரும் வீடு வந்து சேரட்டும். தெருவுல ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிப்போம். அம்புட்டு அவசரம்னா சுத்தியல் இருக்கு, உளி இருக்கு.”

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஊர் ஊராக வெடிக்கிற வெடியைச் செய்கிற அந்த ஊரில், ஆலை ஓடும் நேரத்தில் ஒரு சின்ன வெடிகூடக் கேட்காது. கல்யாணமானாலும் சாவானாலும் வேலை நேரத்தில் வெடி போடுவதில்லை. மற்ற நேரத்திலும் தெருவில் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். சொல்லாமல் ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இது எனக்குத் தெரியாததல்ல. நான் என்ன சீமையிலா பிறந்தேன்?

திருகாணி வாங்க அக்கா பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் தட்டை அடித்து முடித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கதவைச் சாத்திக்கொண்டால் சத்தம் வெளியே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாத்தினேன். சன்னலை மறந்தேன். பலகையைச் சுவரில் வைத்து ஒரு ஆணி, அடுத்து இன்னொன்று. மூன்றாவதைக் குழலில் போடும்போது தெருவில் ஓடும் காலடிகள் கேட்டன.

வெளியே வந்து பார்த்தேன். பெண்கள் கிழக்கே ஆலைகள் இருக்கும் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையில் முழங்கை வரை மாவு. பலருக்குக் காலில் செருப்பில்லை. யாரும் அழவில்லை, கத்தவில்லை. “எங்கன? எந்தக் கம்பெனி?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே ஓடினார்கள்.

நான் செய்தது இதுதான். உள்ளே போய்த் துப்பாக்கியைப் பைக்குள் திணித்து, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவர்களோடு சேர்ந்து ஓடினேன். “எங்கன கேட்டுச்சு?” என்று நானும் கேட்டேன்.

மாரியம்மாள் மதினியின் மகள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். மதினி எனக்கு முன்னால் ஓடினார். ஓடைப் பாலத்தில் கால் இடறி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நான்தான் தூக்கிவிட்டேன். வலியைக்கூடச் சொல்லாமல், “தம்பி, எம்மக கம்பெனிப் பக்கமா?” என்று கேட்டார். “தெரியலையே மதினி” என்றேன். தெரிந்துகொண்டே சொன்னேன்.

எந்த ஆலையிலும் எதுவும் இல்லை என்று தெரிந்து எல்லோரும் திரும்பியபோது, அக்கா தெருமுனையில் நின்றிருந்தார். வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்திருக்கிறார்.

“சத்தம் எங்க வீட்டுலதான் வந்துச்சு. நாந்தான் அடிச்சேன். எல்லாரும் மன்னிச்சிருங்க” என்றார்.

போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முறிந்த கையை மற்றக் கையில் தாங்கியபடி மாரியம்மாள் மதினி முன்னால் வந்தார்.

“வேற யாரு செஞ்சிருந்தாலும் பொறுத்திருப்பேன். நீ செய்யலாமா மதினி? ஒனக்குமா மறந்து போச்சு?”

அக்கா ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, அப்படியே நின்றேன்.

“ஒனக்கு கவர்மெண்டு வேலைலே. கேசு கீசுன்னு வந்தா போயிரும். எனக்கு என்ன போகப் போவுது?” என்றார் அக்கா அன்று மாலை. போலீசுக்கு யாரும் போகவில்லை. ஆனால் மாரியம்மாள் மதினி அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும், “நான் போய் உண்மையைச் சொல்லிர்றேன்க்கா” என்பேன். “இப்பப் போயி எதுக்கு?” என்பார் அக்கா. உடனே எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதாமலே விட்டிருப்பேன். இருதயக் கோளாறால் அக்கா விருதுநகரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “மாரி வந்தாளா?” என்று இரண்டு முறை கேட்டார். “மாமா, நீங்க போயிக் கூட்டிட்டு வாங்க” என்று செல்வி என்னை அனுப்பினாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அழைக்கப் போனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, “வர மாட்டேங்கிறாங்க” என்றேன். “கோவக்காரி” என்று அக்கா சிரிக்கப் பார்த்தார். மறுநாள் அக்கா இல்லை.

இழவு வீட்டில் மதினி ஓரமாக நின்று அழுதார். “உசுரோட இருக்கையில வராதவளுக்கு இப்ப என்ன அழுகை?” என்று நம் உறவினர்களே அவர் காதுபடச் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். அப்படிச் சொன்னவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். மாரியம்மாள் மதினியை யாரும் அழைக்கவில்லை. அவர் வர மறுக்கவும் இல்லை. சத்தம் போட்டவன் நான். பொய் சொன்னவனும் நானே.

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், பாடையில் தோள் கொடுத்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை சோறு பொங்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் நன்றி. மருமகள் செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் நன்றி. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் செல்வியிடம் காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், “ஒரு எழுத்தும் மாத்தாதீக மாமா” என்றாள்.

மாரியம்மாள் மதினிக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நினைவு நாளன்று காலையில் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போகிறேன். நின்றபடியே முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பேன். கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று வாசிப்பேன். அது முடியும்வரை ஒருவருக்கும் மலரைக் கொடுக்கக் கூடாது என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.