மடி நனைத்த மோர்

பழைய மோட்டார் காரின் முன்பக்கம் குலுக்கல் தாங்க லாரியின் வில்லையே பூட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் வாசலில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வில் தகடுகளில் தடவிய விளக்கெண்ணெய் வாசம் அடுப்படிவரை வந்தது.

என் சின்ன வயதில், நல்லேப்பிள்ளியில் அப்பா எங்கள் வில்வண்டிக்குப் புது வில் போட்ட அன்றும் இதே வாசம்தான். வண்டிக் குலுக்கலுக்குப் பயந்து அம்மா சித்தூரிலிருந்த பிறந்த வீட்டுக்கே போகாமல் இருந்தாள்.

"இனி அலுங்காது, ஏறு," என்றார் அப்பா.

"அதை மோரு சொல்லட்டுங்க," என்று தளும்பும் மோர்ச்சட்டியோடு ஏறினாள் அம்மா. வாய்க்கால்வரை போய்த் திரும்பியபோது அவள் மடியெல்லாம் மோர்.

"வில்லு ரொம்பக் கெட்டிங்க. ஒரு தகட்டைக் கழட்டுங்க."

அப்பா முகம் கோணாமல் கழற்றினார். மறுவாரம் சித்தூர் போய்ச் சேரும்வரை அம்மா மடியில் நான் தூங்கினேன்.

"லாரி வில்லுன்னா அசையவே அசையாது," என்றார் வீட்டுக்காரர் இப்போது வாசலிலிருந்து.

"பூட்டுனதும் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, மோர்ச்சட்டியை எடுத்து வைத்தேன்.