குட்டைச் சுவருக்கு மேலே ஒரு தலை

இன்று பொட்டலத்தைப் பிரித்ததும் வறுத்த கடலையின் வாசத்தோடு, 1940களில் அன்னவாசலில் இருந்த, பிறகு மறைந்துபோன டெண்டுக் கொட்டகையும் நினைவில் வந்து சேர்ந்தது. பெண்கள் பக்கத்தில் மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து படம் பார்ப்போம். அன்று எங்கள் தெரு அண்ணன் நடித்த படம். திரையில் அவரை வாளால் குத்தியதும், என் பக்கத்திலிருந்த அவருடைய தாயார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஆண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டைச் சுவருக்கு மேலே அண்ணனின் தலை எழும்பியது.

"ஆத்தா, இங்கிட்டுப் பாரு, நான் இங்கதான இருக்கேன்!"

"நீ சும்மா இருடா! அங்கிட்டு எம்புள்ள சாகுறான்!"

கொட்டகையே சிரித்து உருண்டது.

இன்று கடலை மடித்த செய்தித்தாளில் அந்த அண்ணனின் புகைப்படம். பழைய நடிகர் காலமானாராம். நான் நம்பவில்லை. அந்தத் தலை எழும்பட்டும் என்று கடலையைக் கொறித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.