நுரை அடங்குவதற்குள்

கஞ்சா விளையும் எங்கள் கெத்தாமா மலையில் அல்லாலைப் போல மாடாய் உழைத்தவன் கிடையாது. நாட்டுக் கஞ்சாவை நீளக் குழாயில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தால், இருட்டும்வரை கீழே வைக்க மாட்டான். ஊரே இந்த எழவெடுத்த கலப்பு ரகத்துக்கு மாறியபோதும் அவன் மாறவில்லை. எலுமிச்சைத் தோலைப் பெட்ரோலில் ஊறவைத்த மாதிரி ஒரு வாடை அதற்கு.

"இது செடியா, மெக்கானிக் ஷெட்டா?" என்று கேலி செய்தவன், நேற்று மதியம் என் கண்ணெதிரே அதைக் குழாயில் நிரப்பினான். "அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

அவன் மனைவி யாம்னா புதினாத் தேநீரை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். அல்லால் ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தான். கண் செருகியது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"மேல்காடு முழுக்கக் கொத்திட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு. ரொட்டி எடுத்து வை."

யாம்னா தூக்கிய கெண்டியோடு நின்றாள். "நீ எங்கய்யா போன? இப்ப ஊத்துன டீயில நுரைகூட அடங்கலையே."

அல்லால் நுரையையே பார்த்தான். பேயறைந்தது போலிருந்தது அவன் முகம்.

"அப்போ ஸ்பெயின்ல இருக்கற நம்ம பசங்க," என்றான் மெதுவாக, "அவங்களாவது நெஜமா பொறந்தாங்களா?"