பூதலூரில் வாங்காமல் வந்த தொட்டில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பூதலூர் பக்கம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். லீவு முடிந்து கிளம்புவதற்குள் குழந்தைக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். முக்கியமாக, கட்டிலை ஒட்டிப் போடுகிற தொட்டில். அதற்கு ஒரு பக்கம் தடுப்பு இருக்காது. படுத்தபடியே கையை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம். எனக்கு சிசேரியன் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதுதான் வசதி என்று நினைத்தோம்.

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒரு தொட்டில் விற்பனைக்கு வந்தது. மெத்தையோடு தருவதாகவும், அதிகம் பயன்படுத்தவில்லை என்றும் போட்டிருந்தார்கள். பிள்ளை வளர்ந்திருக்கும், அதனால் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூதலூரில் இருந்த அந்த வீட்டுக்குக் கிளம்பிப் போனோம்.

வீட்டுக்காரருக்கு முப்பது வயது இருக்கும். "வாங்க, உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டார். கூடத்தில் சுவர் ஓரமாகத் தொட்டிலைத் துடைத்து வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு மாதிரியே இல்லை. ஒரு கிலுகிலுப்பையோ, கொடியில் காயும் ஒரு குட்டிச் சட்டையோ கண்ணில் படவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மெத்தையில் கையை வைத்து அழுத்தினேன். கை அப்படியே உள்ளே அமுங்கியது. "நல்லா மெத்துமெத்துன்னு இருக்குங்க" என்று என் கணவரிடம் சொன்னேன்.

உள் அறைக் கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நைட்டி மேல் துண்டு போட்டிருந்தார். முதலில் என் வயிற்றைப் பார்த்தார்.

"அதுல படுக்க வைக்காதீங்க" என்றார்.

"நீ உள்ள போ" என்றார் வீட்டுக்காரர். குரலில் கோபம் இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் போகவில்லை. தொட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை விட்டார். மணிக்கட்டு வரை இறங்கியது.

தொட்டிலோடு வந்த மெத்தை தட்டையாக, கெட்டியாக இருந்ததாம். பச்சைப்பிள்ளைக்கு உறுத்தும் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, அதை எடுத்துவிட்டு இந்த மெத்தையை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அளவு கொஞ்சம் சின்னது. பிள்ளை அப்போதுதான் புரள ஆரம்பித்திருக்கிறது. ஒரு மதியம் புரண்டு ஓரத்து இடுக்கில் முகம் புதைந்துவிட்டது. மெத்தை அமுங்கிக்கொடுத்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை.

"நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். கை நீட்டினா தொடுற தூரம். சத்தமே வரலீங்க."

என் கணவர் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். நான் என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "இத வச்சுக்கிட்டு இவ நாள் பூரா அதையே பாத்துட்டு உக்காந்திருக்கா. அதான் வேற மெத்தை போட்டுக்கச் சொல்லிக் குடுத்துடலாம்னு" என்று இழுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண் அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையைக் கொண்டுவந்தார். எங்களுக்குத் திக்கென்றது. அவர் மெத்தையை உருவித் தரையில் போட்டு, உறையைக் கிழித்தார். "குப்பையில போட்டா யாராவது எடுத்துட்டுப் போயி புள்ளைக்குப் போட்டுருவாங்க" என்றார். ஃபோம் வழுக்கியது, சரியாக அறுபடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், எதிரில் உட்கார்ந்து மறுமுனையை இழுத்துப் பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் துண்டு துண்டாக்கினார்கள். கூடமெல்லாம் மஞ்சள் ஃபோம். நாங்கள் கிளம்பும்போது இருவரும் நிமிரவில்லை.

திரும்பும் வழியில் கால்வாய்க் கரையில் காரை நிறுத்திவிட்டு, "புதுசாவே வாங்கிடலாம்" என்றார் என் கணவர்.

அடுத்த வாரம் தஞ்சாவூரில் புதுத் தொட்டில் வாங்கினோம். கடைக்காரர் பஞ்சு மாதிரி மெத்தைகளாக எடுத்துக் காட்ட, என் கணவர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து வேண்டாம் என்று தள்ளினார். சட்டத்தின் ஓரம் முழுக்க விரலை ஓட்டி, இடைவெளியே இல்லாமல் கச்சிதமாக உட்காருகிற கெட்டி மெத்தையாகத் தேடி எடுத்தார். வெளிநாட்டுக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் தொட்டிலைக் கட்டிலோடு பெல்ட் போட்டு இறுக்கி, அசைகிறதா என்று திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தார்.

மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள், பிள்ளையைப் பலகையில் போட்டிருக்கிறாயே என்று என்னைத் திட்டினார்கள். என் மாமியார் இலவம்பஞ்சுத் தலையணை தைத்துக் கொண்டுவந்தார். வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் அந்தக் கை இடுக்கில் இறங்கியதுதான் கண் முன்னால் வரும்.

அந்த வீட்டு நம்பர் என் கணவர் போனில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை பிறந்த சேதியை அவர்களிடம் எந்த வாயால் சொல்வது என்று கூப்பிடவே இல்லை. இன்று என் மகள் ஓடி விளையாடுகிறாள். அவள் தூங்கும்போது மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்க்கிற போதெல்லாம், தன் பிள்ளையின் சாவை முன்பின் தெரியாத என்னிடம் வாய்விட்டுச் சொல்ல அந்தத் தாய்க்கு எவ்வளவு வலித்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.