மருந்துக்கடைச் சந்தில் நிற்கும் கார்

சொந்தபந்தத்தில் அவருக்குக் ‘கார்க்காரர்’ என்று பேர். ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை. ஷோரூமுக்கு வருகிறவர்கள், “வாங்கின பிறகு சர்வீஸெல்லாம் எப்படி?” என்று இழுத்தால், அவரைத்தான் கூப்பிடுவார்கள். “நான் இருக்கேன்ல, கவலையை விடுங்க” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே வண்டி விற்றுவிடும்.

ஒரு உதிரிபாகம் வர மாசக்கணக்காகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் அவரே ஓட்டுவது போட்டிக் கம்பெனியின் கார். அதை மருந்துக்கடைச் சந்தில் விட்டுவிட்டு, திருடனைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேலைக்கு நடந்து வருவார்.

அவர் பேச்சை நம்பி வண்டி வாங்கியவர்களில் தங்கை புருஷனும் ஒருவர். அந்த வண்டி அடிக்கடி நடுரோட்டில் நின்றுபோனது. தங்கை போன் செய்தால் கார்க்காரர் எடுப்பதில்லை.

ஒரு விடுமுறை நாள். போட்டிக் கம்பெனியின் சர்வீஸ் கூடத்தில் காபியும் கையுமாக நின்றிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை புருஷன் வந்தார். கார்க்காரருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தலை குனிந்தது தங்கை புருஷன்தான்.

“தப்பா நினைக்காதீங்க மச்சான். வண்டியை மாத்தலாம்னு விசாரிக்க வந்தேன். சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல. நீங்க கம்பெனி வேலையா வந்தீங்களா?”

“ஆமா, வேலையாத்தான்” என்று பெருந்தன்மையாக அவர் தோளில் கைவைத்தார் கார்க்காரர்.

மெக்கானிக் சாவியை நீட்டினார். “சார், உங்க வண்டி ரெடி. இத்தனை வருஷத்துல ஒரு தொந்தரவு குடுத்திருக்குமா, சொல்லுங்க!”

இன்னொரு கையில் காபி. சாவியை வாங்க, தோளில் இருந்த கையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.